வளவு எங்களுடையது, மரம் யாருடையது?
ரொறன்ரோவில் மரத்தில் கைவைக்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவை

அடுக்குமாடியிலும் நிலக்கீழ் வீட்டிலும் பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்து, இரண்டு வேலை செய்து, சீட்டெடுத்து, ஒருவாறு சொந்த வீடொன்றை வாங்கிக் குடிபுகும் எம்மவர் முதலில் கவனிப்பது வீட்டின் உட்புறத்தைத்தான். சுவருக்கு வர்ணம், சமையலறைக்குப் புகைபோக்கி, சாமி அறைக்கு ஓர் இடம் என்று அலுவல்கள் நடக்கும். பனி கரைந்து வசந்தம் வந்த பிறகுதான் கண் வெளியே போகும். முன்முற்றத்தில் பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிழலை விரித்துக்கொண்டு நிற்கும். பின்வளவில் ஊசியிலை மரம் ஒன்று அயல்வீட்டு வேலியில் சாய்ந்து நிற்கும். "தம்பி, இந்தக் கொப்பு இரண்டையும் தறித்துவிட்டால் தோட்டத்துக்கு வெயில் விழுமெல்லோ?" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா கேட்பார். சனிக்கிழமை காலையில் ஏணியும் வாளும் வெளியே வந்துவிடும்.

அந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. ரொறன்ரோ மாநகர எல்லைக்குள், பாதுகாக்கப்பட்ட ஒரு மரத்தை அனுமதியின்றி வெட்டுவதும் அதற்குச் சேதம் விளைவிப்பதும் குற்றம். மரமொன்றுக்குக் குறைந்தது 500 டொலர் தொடக்கம் 100,000 டொலர்வரை நீதிமன்றம் தண்டம் விதிக்கலாம். மூன்று மரம் என்றால் மூன்று குற்றம். வீடு வாங்கப் பட்ட கடனையே கட்டி முடிக்காத குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. "எங்களுக்குத் தெரியாது", "முந்தி இருந்த வீட்டுக்காரரும் வெட்டினவர்" என்ற விளக்கங்கள் வெட்டிய மரத்தைத் திரும்ப நிறுத்தா.

"எங்கள் காணியில் நிற்கும் மரத்தை வெட்ட நாங்கள் யாரைக் கேட்பது?" என்று சிலருக்கு எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் இது எங்களுக்கு முற்றிலும் புதிய சங்கதியும் அல்ல. இலங்கையில் 1951ஆம் ஆண்டிலேயே மரம் தறித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. சொந்த வளவில் நின்றாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. விதானையாரைக் கண்டு, உதவி அரசாங்க அதிபர் கந்தோருக்கு அலைந்து பலா மரம் தறிக்க அனுமதி எடுத்த பெரியவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அங்கே பலாவுக்கும் பனைக்கும் இருந்த மதிப்பு இங்கே ஏறக்குறைய எல்லாப் பெரிய மரத்துக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் விளங்கிக்கொள்வது சுலபம்.

சட்டப் புத்தகம் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். மரம் யாருடையது? அது எவ்வளவு பருமன்? அது எங்கே நிற்கிறது?

முன்முற்றத்து மரம் யாருடையது?

எம்மவர் பலரும் ஏமாறும் இடம் இது. வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரம் பெரும்பாலும் வீட்டுக்காரருடையது அல்ல. ரொறன்ரோவில் தெருவுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் தார் போட்ட வீதியோடும் நடைபாதையோடும் முடிந்துவிடுவதில்லை. பல தெருக்களில் அது எங்கள் புல்தரைக்குள் சில மீற்றர் தூரம் உள்ளே வந்து நிற்கும். புல்லை நாங்கள்தான் வெட்டுகிறோம், பூக்கன்றையும் நாங்கள்தான் வைக்கிறோம். ஆனாலும் அந்த நிலம் மாநகரசபையினுடையது. அதில் நிற்கும் மரமும் மாநகரசபையினுடையது.

வீடு வாங்கும்போது சட்டத்தரணி தந்த கடதாசிகளுக்குள் காணி அளவை வரைபடம் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். காணியின் முன் எல்லைக் கோடு எங்கே போகிறது என்பது அதில் தெரியும். வரைபடம் இல்லாவிட்டால் மாநகரசபையிடம் கேட்கலாம்.

தெருமரத்துக்குப் பருமன் கணக்கு இல்லை. விரல் மொத்தக் கன்றாக இருந்தாலும் சரி, கட்டிப்பிடிக்க முடியாத மரமாக இருந்தாலும் சரி, அதை வெட்டவோ கிளை கழிக்கவோ வேரை அறுக்கவோ எங்களுக்கு உரிமை கிடையாது. அதில் கிளை கழிக்க வேண்டியிருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். 311 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து முறையிட வேண்டும். மாநகரசபை தன் ஆட்களை அனுப்பிப் பார்க்கும். தேவை என்று கண்டால் தன் செலவிலேயே வெட்டும். அவசரமில்லாத வேலைக்குப் பல மாதங்கள் காத்திருக்க நேரலாம். முறிந்து தொங்கும் கிளை, வீட்டின்மேல் சாயும் மரம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆபத்தானவற்றை முதலில் கவனிப்பார்கள்.

311 இரவும் பகலும் இயங்குகிறது. ஆங்கிலம் சரிவராது என்று அஞ்ச வேண்டியதில்லை. எடுத்தவுடன் "தமிழ்" என்று மட்டும் சொன்னால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்துவிடுவார்கள். பேசி முடிந்ததும் தரப்படும் முறைப்பாட்டு இலக்கத்தை மறக்காமல் எழுதி வையுங்கள். பிறகு விசாரிப்பதற்கு அது வேண்டும்.

நெஞ்சு உயரத்தில் ஒரு நூல்

காணி எல்லைக்குள், முழுக்க எங்கள் நிலத்தில் நிற்கும் மரத்துக்குத்தான் பருமன் கணக்கு வருகிறது. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ நான்கடி ஏழு அங்குலத்தில், அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் அம்மரம் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது. அதை வெட்ட மாநகரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இந்த விதி ரொறன்ரோ முழுவதற்குமாக 2004ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது. 1998இல் ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்ட ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ ஆகிய பகுதிகளும் இதற்குள் அடக்கம்.

விட்டத்தை அளப்பது கடினம் என்று நினைக்க வேண்டாம். தையல் அளவுநாடா ஒன்றை எடுத்து, வளர்ந்த ஒருவரின் நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பிடியுங்கள். சுற்றளவு ஏறத்தாழ 94 சென்ரிமீற்றர், அதாவது 37 அங்குலம் வந்தால் விட்டம் 30 சென்ரிமீற்றர். அளவுநாடா இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றிப் பிடித்துப் பின்னர் அடிமட்டத்தில் அளக்கலாம். கிட்டத்தட்ட அந்த அளவில் நின்றால், "சின்னதுதான்" என்று நாங்களே தீர்ப்புச் சொல்லாமல் கேட்டு அறிவதே நல்லது.

விட்டம் அதைவிடக் குறைந்த, எங்கள் காணியில் மட்டும் நிற்கும் மரத்தைப் பொதுவாக அனுமதியின்றி அகற்றலாம். "பொதுவாக" என்று சொல்வதற்குக் காரணம், மூன்றாவது கேள்வி இன்னும் மீதி இருக்கிறது.

மரம் எங்கே நிற்கிறது?

ஸ்காபரோவில் ஹைலன்ட் கிறீக், றூஜ் ஆறு ஆகியவற்றின் பள்ளத்தாக்குகளை அண்டி எம்மவர் வீடுகள் ஏராளம். பின்வளவின் வேலியைத் தாண்டினால் சரிவும் காடும் நீரோடையும் என்று பார்க்க அழகான வீடுகள். இப்பள்ளத்தாக்குகளையும் அவற்றை ஒட்டிய நிலங்களையும் காப்பதற்கென்று ரொறன்ரோவில் தனியான ஒரு விதி இருக்கிறது. அந்த எல்லைக்குள் அகப்பட்ட வளவில் மரம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். மரம் மட்டுமல்ல, மண் கொட்டி நிலத்தை உயர்த்துவதற்கும் சரிவை வெட்டிச் சமப்படுத்துவதற்கும் அனுமதி வேண்டும். பின்வளவில் மரக்கறித் தோட்டம் போடுவதற்கு ஒரு லொறி மண் இறக்குவதுகூட இதற்குள் வரலாம்.

இந்த எல்லை வேலியோடு நின்றுவிடுவதில்லை. சில இடங்களில் அது பின்வளவின் நடுவாலும், சில இடங்களில் வீட்டையே மூடியும் போகிறது. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. விலாசத்தைச் சொல்லி 311இல் கேட்டால் உங்கள் வளவு அதற்குள் வருகிறதா என்று அறியலாம்.

எல்லையில் நிற்கும் மரம்

வேலிச் சண்டையைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதியாலை அரை அடி தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களை நாம் அறிவோம். கனடாவில் வேலிக்குக் கதியால் இல்லாவிட்டாலும் எல்லை மரம் உண்டு.

ஒன்ராறியோ மாகாண வனச்சட்டத்தின்படி, அடிமரம் இரண்டு காணிகளின் எல்லையில் வளர்ந்து நிற்குமானால் அந்த மரம் இரு காணிக்காரருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் மற்றவரின் சம்மதமின்றி அதை வெட்டினாலோ சேதப்படுத்தினாலோ அது குற்றம். மாநகரசபை அனுமதி தந்தாலும் அயலவரின் சம்மதமும் வேண்டும்.

அடிமரம் என்றால் எது? மண்ணோடு தொடும் இடம் மட்டுமா? இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. வேர் முடிந்து மரம் மேலெழும் இடத்திலிருந்து கிளைகள் பிரியும் இடம்வரை உள்ள முழுப் பகுதியும் அடிமரமே என்று 2013இல் நீதிமன்றம் தீர்த்தது. மேன்முறையீட்டிலும் அதே ஆண்டு அத்தீர்ப்பு நிலைத்தது. ஆகவே மரம் அயலவர் பக்கத்தில் முளைத்து, சாய்ந்து வளர்ந்து, நெஞ்சு உயரத்தில் எங்கள் எல்லைக்குள் வந்திருந்தாலும் அது இருவருக்கும் பொதுவானதாகிவிடும்.

அடிமரம் முழுவதும் அயலவர் காணிக்குள் நின்று, கிளை மட்டும் எங்கள் பக்கம் நீண்டிருந்தால், எல்லைக்கு இப்பால் உள்ள பகுதியைக் கழிக்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவருடைய வளவுக்குள் கேட்காமல் கால் வைக்க முடியாது. மரம் பட்டுப்போகும்படி வெட்டவும் முடியாது. பெரிய மரமாக இருந்தால் மாநகரசபை விதியும் அதற்குப் பொருந்தும்.

சட்டம் இப்படி இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது அயலவரின் கதவைத் தட்டுவதுதான். "கோடையில் இந்தக் கொப்பு இரண்டையும் கழிக்க யோசிக்கிறோம், உங்களுக்குச் சம்மதமா?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாலும் போதும். சரியென்று சொன்னால் அதை இரண்டு வரியில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது. இது அவநம்பிக்கை அல்ல. நாளை அந்த வீடு கைமாறினாலும் அந்தக் கடதாசி உங்களைக் காக்கும். மரம் வெட்டும் சத்தம் கேட்டு மாநகரசபைக்குத் தொலைபேசி எடுக்கக்கூடியவரும் அந்த அயலவர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கிளை கழித்தலும் மொட்டையடித்தலும்

பாதுகாக்கப்பட்ட மரம் எங்களுடையதாக இருந்தால், அதன் நலத்துக்காக முறைப்படி கிளை கழிப்பதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. பட்ட கிளை, முறிந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை நீக்குவது அவ்வகை. ஆனால் "முறைப்படி" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் எங்களுக்கு எதிராக வந்துவிடுகிறது.

ஊரில் முருங்கையை மழைக்கு முன் ஒட்ட வெட்டிவிடுவோம். அது முன்னிலும் செழிப்பாகத் தளிர்க்கும். பூவரசையும் கிளுவையையும் முள்முருக்கையும் குழைக்காக மொட்டையடிப்போம். அடுத்த ஆண்டு வேலி மறுபடி பச்சையாகிவிடும். மேப்பிளும் ஓக்கும் அப்படிப்பட்ட மரங்கள் அல்ல. தலையை ஒரேயடியாக வெட்டினால் வெட்டுவாய் மூடாது. அதன்வழியே உக்கல் உள்ளே இறங்கும். பக்கத்தில் அவசரமாக வெடிக்கும் புதுக்கொப்புகள் அடிமரத்தோடு உறுதியாகப் பிடித்திருக்கமாட்டா. சில ஆண்டுகளில் ஒரு புயலுக்கு அவை கூரைமேல் விழும். ஆபத்தைக் குறைக்க என்று செய்தது ஆபத்தைக் கூட்டிவிடும். மாநகரசபையும் அதை மரத்துக்குச் செய்த சேதமாகவே கொள்ளும்.

பெரும்பாலான மரங்களுக்குக் கிளை கழிக்க ஏற்ற காலம், இலை முற்றாக உதிர்ந்து மரம் உறங்கும் பின்பனிக் காலம். ஓக் மரத்தை வசந்தத்திலும் கோடையிலும் தொடாமல் விடுவதே நல்லது. ஓக் மரத்தை வாடவைத்துக் கொல்லும் பூஞ்சை நோய் ஒன்று 2023இல் கனடாவில் முதன்முதலாக நயாகராப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. புதிய வெட்டுக்காயத்தை நாடி வரும் வண்டுகள் அதைப் பரப்புகின்றன. வசந்தத்திலும் கோடையிலும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குருவிக்கூடு இருக்கும் கிளையை வெட்டக் கூடாது. வலசைப் பறவைகளையும் அவற்றின் கூடுகளையும் முட்டைகளையும் காக்கும் மத்திய அரசின் சட்டம் எங்கள் வளவுக்கும் பொருந்தும்.

வாள் படாமலும் மரம் சாகும்

சேதம் என்பது வாளால் மட்டும் வருவதல்ல. வேரை அறுப்பது, வேரின்மேல் மண் குவிப்பது, பாரமான வாகனத்தை ஏற்றி மண்ணை இறுக்குவது, அடியில் சீமெந்துக் கழிவை ஊற்றுவது ஆகிய அனைத்தும் சேதமே. எம்மவர் வீடு வாங்கியதும் செய்விக்கும் வேலைகள் இரண்டு. கார் விடும் பாதையை அகலமாக்குவது ஒன்று, பின்புறம் கல் பதிப்பது மற்றொன்று. இரண்டுமே மரத்தின் வேரோடு சம்பந்தப்பட்டவை.

மரத்தைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு நிலத்தைத் தொடாமல் விட வேண்டும் என்பதற்கும் மாநகரசபை கணக்கு வைத்திருக்கிறது. விட்டம் 30 முதல் 40 சென்ரிமீற்றர்வரை உள்ள மரத்துக்கு அடிமரத்திலிருந்து 2.4 மீற்றர், அதாவது எட்டடியளவு. 41 முதல் 50 சென்ரிமீற்றர்வரை என்றால் 3 மீற்றர். மரம் பெருக்கப் பெருக்க இத்தூரமும் கூடும். அந்த எல்லைக்குள் கிண்ட வேண்டியிருந்தால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அயலவரின் மரமோ தெருமரமோ அருகில் இருந்தாலும் இதே விதிதான். கல் பதிக்க வருபவர் இதை உங்களுக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டாம்.

அனுமதி பெறும் வழி

வெட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தால் விண்ணப்பிக்க வேண்டியது மாநகரசபையின் நகர வனப்பிரிவுக்கு. விண்ணப்பப் படிவத்துடன் பொதுவாக இவை வேண்டும்.

தகுதி பெற்ற மர நிபுணர் ஒருவரின் எழுத்து மூலமான அறிக்கை. மரத்தின் இனம், பருமன், நிலைமை, வெட்டுவதற்கான காரணம் ஆகியவை அதில் இருக்கும்.

வளவில் வீடும் மரமும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடமும் மரத்தின் படங்களும்.

வெட்டும் மரத்துக்குப் பதிலாக எங்கே எதை நடப்போகிறீர்கள் என்ற திட்டம்.

விண்ணப்பக் கட்டணம். இது ஆண்டுதோறும் மாறுவதால் விண்ணப்பிக்கும்போது கேட்டு அறியுங்கள். கட்டட வேலைக்காக வெட்டுவதற்குக் கட்டணம் கூட.

நல்ல நிலையில் உள்ள மரம் என்றால், வெட்டப்போகும் செய்தியை அயலவர் அறிய வளவில் 14 நாட்களுக்கு அறிவித்தல் பலகை வைக்கச் சொல்வார்கள். எதிர்ப்பு உள்ளவர்கள் எழுதித் தெரிவிக்கலாம். அனுமதி மறுக்கப்பட்டால் மேற்கொண்டு முறையிடவும் வழி உண்டு. இலை கொட்டுகிறது, அணில் வருகிறது, நிழல் விழுகிறது என்ற காரணங்களுக்கு நல்ல மரத்தை வெட்ட அனுமதி கிடைப்பது அரிது. இத்தனை வேலைக்கும் வாரங்கள் பிடிக்கும். கட்டட வேலை தொடங்கும் நாளைக் குறிக்குமுன் இதைத் தொடங்குங்கள்.

பட்ட மரமும் விழப்போகும் மரமும்

மரம் முற்றாகப் பட்டுவிட்டால், தீராத நோய் கண்டிருந்தால், அல்லது விழும் நிலையில் இருந்தால் அனுமதிப்பத்திரத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அதைத் தீர்மானிப்பது நாங்கள் அல்ல. படங்களையோ நிபுணரின் அறிக்கையையோ அனுப்பி, மாநகரசபை "ஆம், விலக்கு உண்டு" என்று சொன்ன பிறகே வெட்ட வேண்டும். மாரியில் இலையில்லாமல் நிற்கும் மரமெல்லாம் பட்ட மரம் அல்ல என்பது புதிதாக வந்தவர்கள் மனதில் வைக்க வேண்டிய சங்கதி. மே மாதம்வரை பொறுத்துப் பாருங்கள்.

ரொறன்ரோவில் உண்மையாகவே பட்டுப்போனவை ஆஷ் மரங்கள். மரகதப் பச்சை நிறமுள்ள துளைக்கும் வண்டு ஒன்று 2007இல் இந்நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது நகரில் ஏறத்தாழ 860,000 ஆஷ் மரங்கள் நின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை அது அழித்துவிட்டது. பட்ட ஆஷ் மரம் விரைவில் உலர்ந்து சடுதியாக முறியக்கூடியது. உங்கள் வளவில் அப்படி ஒன்று நின்றால் தள்ளிப்போடாமல் கவனியுங்கள். வெட்டிய விறகை முகாமடிக்கும் இடங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் காரில் ஏற்றிச் செல்ல வேண்டாம். வண்டு இடம்விட்டு இடம் பரவியது பெரும்பாலும் விறகோடுதான்.

புயல்களும் இங்கே புதியவை அல்ல. 2013 டிசம்பரில் பனிக்கட்டி மழை பெய்து கிளைகள் முறிந்ததில், ரொறன்ரோவில் ஏறத்தாழ 300,000 மின் வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள். 2022 மே 21இல் வீசிய கடும்புயலும் தெற்கு ஒன்ராறியோவில் பெருமரங்களைச் சாய்த்தது. விழுந்த கிளையோடு மின்கம்பியும் கிடந்தால் 10 மீற்றருக்குள் போகாதீர்கள், பிள்ளைகளையும் போகவிடாதீர்கள். 911ஐ அழையுங்கள்.

ஏணியும் கம்பியும்

சட்டத்தைவிடப் பெரிய விடயம் உயிர். கிளைக்குள் மின்கம்பி போகும் மரத்தில் எவரும் ஏறக் கூடாது. மேலே செல்லும் மின்கம்பிக்கு 3 மீற்றருக்குள் ஆளோ ஏணியோ வாளோ போகலாகாது. ஊரில் கொக்கத்தடியால் மாங்காய் பறித்த கை என்ற துணிவு இங்கே உதவாது. உலோகத் தடியும் ஈரத் தடியும் மின்சாரத்தைக் கடத்தும். வீதிக் கம்பியைத் தொடும் கிளைகளை ரொறன்ரோ ஹைட்றோ தானே கழிக்கும். வீட்டுக்கு வரும் கம்பியின் அருகே வேலை என்றால் முதலில் அவர்களை அழைத்துக் கேளுங்கள்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது

வசந்தத்தில் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுபவர்கள் உண்டு. "உங்கள் மரம் ஆபத்தாக நிற்கிறது, இன்றைக்கே என்றால் பாதி விலை, பேர்மிட் தேவையில்லை" என்பார்கள். தண்டக் கடிதம் வரும்போது அவர்களின் தொலைபேசி வேலை செய்யாது. வெட்டியவர்மீது மட்டுமல்ல, வெட்டுவித்த வீட்டுக்காரர்மீதும் வழக்கு வரும்.

ஆளை அமர்த்துமுன் நான்கு கடதாசிகளைக் கேளுங்கள். மர வேலைக்கான தகுதிச் சான்றிதழ். பிறர் உடைமைக்குச் சேதம் வந்தால் ஈடு செய்யும் காப்புறுதி. வேலைத்தளக் காயங்களுக்கான மாகாணக் காப்புறுதிச் சபையின் சான்று. கிளை, அடிக்கட்டை, குப்பை எல்லாம் யார் அகற்றுவது என்று குறித்த எழுத்து மூல விலை. காப்புறுதி இல்லாத ஒருவர் உங்கள் மரத்திலிருந்து விழுந்தால் அந்தச் சுமை உங்கள் வாசலுக்கும் வரலாம். "எங்கட ஆள்தானே" என்பதற்காக இவற்றைக் கேட்காமல் விட வேண்டாம். எங்கட ஆளும் விழுந்தால் அடிபடுவார்.

அடிக்கட்டையைக் கிண்டி எடுப்பதற்கும் புதுமரம் நடக் குழி வெட்டுவதற்கும் முன், நிலத்தடியில் எரிவாயு, மின்சாரக் குழாய்கள் போகும் இடத்தை ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவை மூலம் குறித்துக்கொள்ள வேண்டும். இது சட்டம். வீட்டுக்காரருக்கு இச்சேவை இலவசம்.

வாடகைக்கு இருப்போரும் வேறு நகரத்தாரும்

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மரத்தில் கைவைக்கவே வேண்டாம். ஆபத்து என்று கண்டால் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்திருங்கள். விண்ணப்பம் செய்ய வேண்டியவர் அவரே. கொண்டோ முறையிலான தொடர் வீடுகளில் முற்றத்து மரம் பெரும்பாலும் நிர்வாகத்தினுடையது.

ரொறன்ரோவின் எல்லையைத் தாண்டினால் அளவும் மாறும். ஸ்ரீல்ஸ் அவெனியூவுக்கு வடக்கே மார்க்கத்தில் 20 சென்ரிமீற்றர் விட்டத்திலிருந்தே அனுமதி வேண்டும். மிசிசாகாவில் 15 சென்ரிமீற்றர். ஆகவே ஸ்காபரோவில் இருக்கும் அண்ணர் சொன்ன கணக்கை வைத்து மார்க்கத்தில் இருக்கும் தங்கை வாள் தூக்கக் கூடாது. அந்தந்த நகரசபையைக் கேட்பதே சரி.

இந்தக் கட்டுப்பாடு ஏன்?

2008இல் ரொறன்ரோவில் ஏறத்தாழ ஒரு கோடியே இரண்டு இலட்சம் மரங்கள் நிற்பதாகக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் 60 வீதம் தனியார் வளவுகளில் நின்றவை. நகரத்தின் நிழலில் பெரும்பங்கு எங்களைப் போன்றவர்களின் வீட்டு முற்றங்களில்தான் இருக்கிறது. 2050இல் நகரத்தின் 40 வீதத்தை மரநிழல் மூட வேண்டும் என்பது மாநகரசபையின் இலக்கு. ஒவ்வொருவரும் தன் வளவில் தன் விருப்பப்படி வெட்டினால் அந்த இலக்கை எட்ட முடியாது. ஐம்பது ஆண்டு வளர்ந்த மரத்தை அரை நாளில் வெட்டிவிடலாம். அதன் நிழலைத் திரும்பப் பெறுவதற்கு எங்கள் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் வர வேண்டும்.

முன்முற்றத்தில் மரம் இல்லாத வீட்டுக்காரர்கள் 311இல் கேட்டால், தெரு நிலத்தில் இடம் இருக்குமானால் மாநகரசபை மரம் ஒன்றை இலவசமாகவே நட்டுத்தரும். முதல் ஆண்டுகளில் தண்ணீர் ஊற்றுவது மட்டும் உங்கள் வேலை. ஊரில் விட்டுவந்த வேம்பும் மாவும் இந்தக் குளிருக்கு வரா. மேப்பிளும் ஓக்கும் வரும். வீட்டில் ஒரு பிள்ளை பிறந்த ஆண்டில் அப்படியொரு கன்றைக் கேட்டு வாங்கி, அந்தப் பிள்ளையின் கையாலேயே தண்ணீர் ஊற்றப் பழக்குங்கள்.